தறி, தளை, வீட்டுப்பாடம்: ஒழுங்குமொழி குறித்துச் சில குறிப்புகள்

கணிப்பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு 'தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன்' என்று ஒரு தாள் உண்டு. அரியர் விழுகிற தாள் என்று பெயரெடுத்தது. அதன் முற்பகுதி முழுக்க ஒரே சாயலுள்ள வீட்டுப்பாடக் கணக்குகள். க, ப என இரண்டே எழுத்துகள் இருக்கின்றன, இவற்றை எந்த வரிசையிலும் கோத்துச் சரங்கள் செய்துகொள்ளலாம் என்று தொடங்கும். (புத்தகங்களில் ஆங்கில எழுத்துகள் இருக்கும், நமக்கு இதுவே போதும்.) 'க' இரட்டைப்படை எண்ணிக்கையில் வருகிற சரங்கள் அனைத்தையும் குறிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனை எழுதுக. 'பக' என்று முடிகிற சரங்களுக்கு எழுதுக. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கும் சரங்களுக்கு அப்படி ஒரு கோவை எழுதவே முடியாது என நிறுவுக. இப்படிப் பத்து, இருபது, ஐம்பது. பிள்ளைகள் விடையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் எழுதிவிட்டு வருகிறார்கள். எதற்காக இந்தக் கணக்கு என்று யாரும் கேட்பதில்லை, சொல்வாரும் குறைவு.

ஆரணி போன்ற ஊரில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிற இந்த ஊரும் சுற்றுக் கிராமங்களும் பட்டுத் தறிக்குப் பேர்போனவை. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று பொறியியல் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். வீட்டில் அப்பா ஜக்கார்டு அட்டையை ஒவ்வொன்றாகத் தள்ளி நெய்துகொண்டிருக்க, பக்கத்து அறையில் பிள்ளை (ப | க ப* க)* என்ற கோவையை உருப்போட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஆனால் பாடப் பிரதிக்கும் தறிக்கும் இடையிலே யாரோ சுவர் எழுப்பிவிட்டார்கள். அந்தச் சுவரின் இந்தப் பக்கத்தில்தான் நம்முடைய இலக்கணமும் யாப்பும் இருக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். 'எல்லாமே நம்மிடம் ஏற்கெனவே இருந்தது' என்ற பழைய பெருமைப் பேச்சாக இதை வாசித்துவிட வேண்டாம். அந்தப் பேச்சுக்கு என்ன பதில் என்பதையும் பின்னால் பார்ப்போம்.

முதலில் மேற்படி கோவையைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். நெடுக்குக் கோட்டுக்கு 'அல்லது' என்று பொருள். நட்சத்திரத்துக்கு 'எத்தனை தடவை வேண்டுமானாலும், ஒரு தடவைகூட இல்லாமலும்' என்று பொருள். ஆக (ப | க ப* க)* என்பது: ஒரு 'ப' வரலாம், அல்லது ஒரு 'க' வந்து, பிறகு எத்தனை 'ப' வேண்டுமானாலும் வந்து, இன்னொரு 'க' வரலாம், இந்த முழுச் செயலும் எத்தனை முறையும் நிகழலாம். 'க' எப்போதும் ஜோடியாகத்தான் வரும், எனவே இரட்டைப்படை. அவ்வளவுதான் கணக்கு.

இந்த நட்சத்திரத்தைப் போட்டவர் ஸ்டீபன் கிளீனி என்ற அமெரிக்கத் தர்க்கவியலாளர். மெக்கல்லாக், பிட்ஸ் இருவரும் 1943-இல் மூளையின் நரம்பணுக்களை எரியும் அணையும் சுவிட்சுகளாகப் பாவித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அப்படிப்பட்ட நரம்பு வலை எந்தெந்த நிகழ்வு வரிசைகளை அடையாளம் காண முடியும் என்று கிளீனி 1951-இல் ஆராய்ந்தார். கட்டுரை அச்சில் வந்தது 1956-இல். அந்த வரிசைகளுக்குத்தான் 'ரெகுலர்' என்று பெயர் வைத்தார். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்தால் சொல்லுங்கள் என்று வாசகரிடம் கேட்கவும் செய்தார். யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, பெயர் நிலைத்துவிட்டது. நாம் 'ஒழுங்குமொழி' என்கிறோம். தமிழில் ஒழுங்கு என்றாலே வரிசையில் நில், கையைக் கட்டு என்கிற வாடையும் சேர்ந்து வந்துவிடுகிறது. சிக்கல்தான், இருந்தாலும் வேறு சொல் கைவசம் இல்லை. 1968-இல் கென் தாம்சன் இந்தக் கோவையை எழுத்துத் தேடும் கருவியாக மாற்றினார். இன்று கணிப்பொறியில் சொல் தேடுகிற, பிழை திருத்துகிற எல்லா இடத்திலும் அது ஓடுகிறது. அந்தப் பயன்பாட்டுக் கதை நமக்கு இங்கே வேண்டாம்.

நமக்கு வேண்டியது நரம்பு வலையின் கேள்வி. ஒரு சரம் எழுத்தெழுத்தாக வந்துகொண்டிருக்கிறது. வந்தது வந்துபோயிற்று, திரும்பிப் பார்க்க முடியாது. கடைசியில் 'சரி' அல்லது 'தப்பு' என்று சொல்ல வேண்டும். அதற்கு, கடந்துபோனவற்றில் எவ்வளவை நினைவில் வைத்திருக்க வேண்டும்? 'க' இரட்டைப்படையா என்று சொல்ல முழுச் சரமும் வேண்டாம். எத்தனை 'க' வந்தது என்ற எண்ணிக்கைகூட வேண்டாம். இதுவரை ஒற்றையா இரட்டையா என்ற ஒரே ஒரு சேதி போதும். இலட்சம் எழுத்து ஓடியிருந்தாலும் சுமக்க வேண்டியது அந்த ஒரு துளிதான். இப்படிச் சுமக்கும் சேதி ஒவ்வொன்றையும் ஒரு 'நிலை' என்கிறார்கள். நிலைகளின் எண்ணிக்கை முடிவுள்ளதாக இருந்தால் அது ஒழுங்குமொழி. சரம் நீள நீள நினைவும் நீண்டுகொண்டே போக வேண்டியிருந்தால் ஒழுங்குமொழி ஆகாது. வீட்டுப்பாடத்தில் இருக்கிற ஐம்பது கணக்கும், எதை மறக்கலாம் என்ற ஒரே கேள்வியின் ஐம்பது வேஷங்கள். ஆசிரியர்கள் இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி அரியர் குறையும் என்பது என் எண்ணம்.

இனி தறிக்கு வருவோம். ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. துளையிட்ட அட்டைகளை வரிசையாகக் கயிற்றால் தைத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. மிதியை மிதித்தால் ஓர் அட்டை ஊசிகளின் முன்னே வந்து நிற்கும். துளை இருக்கிற இடத்தில் ஊசி நுழையும், அதற்குரிய பாவு இழைகள் மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் எழும்பாது. நாடா குறுக்கே ஓடும். அடுத்த மிதி, அடுத்த அட்டை. கடைசி அட்டை முதல் அட்டையோடு தைக்கப்பட்டிருப்பதால் சங்கிலி சுற்றிச் சுற்றி வருகிறது. 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் முழுமைப்படுத்திய ஏற்பாடு இது. சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பு எந்திரத்துக்குத் துளையட்டையை இங்கிருந்துதான் எடுத்துக்கொள்ள நினைத்தார். ஆனால் துளையட்டை கணிப்பொறியின் தாத்தா என்ற அந்த வழக்கமான வம்சாவளியைவிட, சங்கிலி வட்டமாகத் தைக்கப்பட்டிருப்பதுதான் கவனத்துக்குரியது. சங்கிலியின் அட்டை வரிசையை 'உடல்' என்று ஒரே சரமாக வைத்துக்கொண்டால், தறி நெய்வது உடல்*. கிளீனியின் நட்சத்திரம் ஆரணியில் கயிற்றால் தைக்கப்பட்டுக் கிடக்கிறது. புடவையை உடல்* முந்தி என்று எழுதிவிடலாம்.

எழுதிவிடலாம்தான், ஆனால் இதிலே ஓர் ஓட்டை இருக்கிறது. நட்சத்திரத்துக்கு நிறுத்தத் தெரியாது. சங்கிலி எத்தனையாவது சுற்றில் இருக்கிறது என்று சங்கிலிக்குத் தெரியாது. புடவை நீளம் வந்துவிட்டது, இனி முந்திக்கான அட்டையை மாட்ட வேண்டும் என்பது தறிக்காரரிடம் இருக்கிற நினைவு. இழை அறுந்தால் எந்த அட்டையில் நின்றோம் என்று பார்த்து, பின்னோக்கித் தள்ளி, தப்பின ஊடையைப் பிரித்து மறுபடி போடுவதும் அவரே. ஜக்கார்டு வந்ததும் நினைவு மனிதரிடமிருந்து எந்திரத்துக்குப் போய்விட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. டிசைனின் நினைவு போயிற்று. அதோடு டிசைன் மேலிருந்த உரிமையும், பேரம் பேசுகிற பலமும் அட்டை அடிக்கிறவரிடமும் முதலாளியிடமும் போய்ச்சேர்ந்தது. பிழையின் நினைவும் முடிவின் நினைவும் கூலி வாங்குகிற ஆளிடமே தங்கிவிட்டன. எந்த நிலையை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வி கோட்பாட்டுப் புத்தகத்தில் வருவதில்லை. மின்னணு ஜக்கார்டு வந்து அட்டையே இல்லாமல் போன தறிகளிலும் இந்தப் பங்கீடு பெரிதாக மாறிவிடவில்லை.

இங்கே பிள்ளைகள் கேட்கக்கூடிய ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. மேலே பாதி, கீழே அதன் கண்ணாடிப் பிம்பம் என்று அமைந்த டிசைன்கள் தறியில் சகஜம். பாதிக்கு மட்டும் அட்டை அடித்துக்கொள்வார்கள். பாதி முடிந்ததும் சங்கிலியைப் பின்னோக்கிச் சுற்றினால் மறுபாதி தானாக விழும். ஆனால் புத்தகமோ, முன்பின் ஒத்த சரங்கள் ஒழுங்குமொழி ஆகா என்கிறது. 'எங்கப்பா தினமும் நெய்யறாரே, அப்புறம் எப்படி முடியாதுன்னு சொல்றீங்க?' என்று ஒரு பெண் கேட்டால் என்ன சொல்வது?

சொல்ல வேண்டியது இதுதான். தறியில் மாட்டியிருக்கிற சங்கிலிக்குத் தெரிந்தது ஒரே ஒரு டிசைன். அந்த ஒன்றின் முன்பாதியும் பின்பாதியும் அட்டையில் ஏற்கெனவே பதிந்துவிட்டன. ஒரு மொழியில் ஒரே ஒரு சரம் இருந்தால் அது சந்தேகமில்லாமல் ஒழுங்குமொழி. தேற்றம் பேசுவது வேறொன்றை: எந்த நீளத்திலும் எந்த டிசைனிலும் வரக்கூடிய எல்லாக் கண்ணாடிப் பிம்பங்களையும் ஒரே கருவி சரிபார்க்க வேண்டும் என்பதை. இரண்டே எழுத்தை வைத்துப் பத்து எழுத்தில் பாதியைச் செய்தால் 1024 விதமான பாதிகள். பாதி முடிகிற கணத்தில் இந்த 1024-இல் எது வந்தது என்பது நினைவில் இருந்தாக வேண்டும், ஒன்றையும் மறக்க முடியாது. இருபது எழுத்தென்றால் பத்து இலட்சத்தைத் தாண்டும். நீளத்துக்கு வரம்பில்லை என்றால் எத்தனை நிலை வைத்தாலும் ஒரு நாள் போதாமல் போகும். கூண்டு பத்து, புறா பதினொன்று என்றால் ஒரு கூண்டில் இரண்டு புறா அடைந்தே தீரும். இரண்டு வேறு பாதிகள் ஒரே நிலையில் வந்து அடைந்துவிட்டால் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். தவறான மறுபாதியையும் சரியென்று விட்டுவிடும். 'பம்பிங் லெம்மா' என்று பயமுறுத்துகிற சமாசாரம் இந்தப் புறாக்கூண்டுக்கு மேல் அதிகம் இல்லை.

அப்படியென்றால் தறிக்காரர்? முன்பின் பார்த்திராத டிசைனிலும் பிம்பம் எங்கே பிசகியது என்று அவர் விரல் வைத்துக் காட்டுகிறாரே. காட்டுகிறார், ஏனென்றால் அவர் திரும்பிப் பார்க்கிறார். நெய்த துணி எதிரிலேயே விரிந்து கிடக்கிறது. மண்டையில் சுமக்க வேண்டியதை அவர் துணியில் எழுதி வைத்திருக்கிறார். 1936-இல் ஆலன் டூரிங் காகித நாடாவில் எழுதியும் திரும்பிப் படித்தும் கணக்குப் போடுகிற ஆளை உருவகித்ததற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. தறியும் தறிக்காரரும் துணியும் சேர்ந்ததுதான் முழுக் கருவி. தறியை மட்டும் தனியே பிரித்தெடுத்தால்தான் அது வெறும் ஒழுங்குமொழி.

யாப்புக்குப் போவதற்கு முன் இலக்கணத்தில் ஒரு சின்ன இடம். தொல்காப்பியம் எழுத்ததிகாரம் மெய்ம்மயக்கம் சொல்கிறது: எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரலாம் என்ற பட்டியல். க், ச், த், ப் ஆகியவற்றுக்குப் பின் அதே மெய்தான் வரும். ர, ழ இரண்டும் இரட்டிக்கா. மொழிமுதல் எழுத்துகளும் மொழியிறுதி எழுத்துகளும் தனியே சொல்லப்படுகின்றன. வல்லின மெய் சொல்லின் கடைசியில் நிற்காது. இந்த விதிகள் அனைத்தும் பக்கத்து எழுத்தை மட்டும் பார்ப்பவை. முந்தின எழுத்து எது என்ற நினைவு இருந்தால் போதும், அதற்கு முன்னால் போனதெல்லாம் போகட்டும். எனவே தொல்காப்பியர் ஏற்கும் எழுத்துத் தொடர்கள் ஓர் ஒழுங்குமொழி. இதைக் காட்டச் சொல்லி ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கலாம், மிக நல்ல பயிற்சி.

உடனே 'தொல்காப்பியர் அன்றே கண்டார்' என்று மேடை போட்டுவிடக் கூடாது. அவர் தானியங்கியைக் கண்டுபிடிக்கவில்லை. அவர் செய்தது கேட்ட சொற்களிலிருந்து வடித்தெடுத்த வருணனை. ச என்ற எழுத்து அ, ஐ, ஔ சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்றார். சட்டியும் சங்கும் சரியும் வந்துவிட்டன. நன்னூல் விதியைத் தளர்த்திற்று. தவிரவும் நம் இலக்கண நூல்களில் புறனடை என்று ஒன்று இருக்கிறது: சொன்னதில் அடங்காததும் இருக்கும், அதையும் கொள்க என்று நூலே கதவைத் திறந்து வைக்கிற இடம். முறைசார் மொழிக்குப் புறனடை கிடையாது. சரம் உள்ளே அல்லது வெளியே. இந்த வேற்றுமையை மறைத்துவிட்டுப் பெருமை பேசினால் தொல்காப்பியருக்கும் நியாயம் செய்யவில்லை, கிளீனிக்கும் செய்யவில்லை.

வெண்பா விஷயம் இன்னும் சுவாரசியமானது. வெண்டளை விதி பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். அதாவது ஒரு சீர் மாவில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். விளத்திலோ காயிலோ முடிந்தால் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். வெண்பாவில் கனிச்சீர் வராது. ஆக வரக்கூடிய சீர்கள் எட்டு. நேரில் தொடங்குபவை தேமா, கூவிளம், தேமாங்காய், கூவிளங்காய். நிரையில் தொடங்குபவை புளிமா, கருவிளம், புளிமாங்காய், கருவிளங்காய்.

இதை வீட்டுப்பாடக் கண்ணோடு பார்ப்போம். ஒரு சீர் முடிந்ததும் நினைவில் வைக்க வேண்டியது என்ன? முடிந்த சீரின் பெயர்கூட வேண்டாம். 'அடுத்தது நேர்' அல்லது 'அடுத்தது நிரை', இந்த இரண்டில் ஒன்று போதும். இரண்டே நிலைகள். 'நேர் வேண்டும்' என்ற நிலையில் கூவிளமோ தேமாங்காயோ கூவிளங்காயோ வந்தால் அதே நிலையில் இருப்போம். இம்மூன்றையும் சேர்த்து 'கூ' என்று குறிப்போம். தேமா வந்தால் மட்டும் 'நிரை வேண்டும்' நிலைக்குப் போவோம், இது 'தே'. அந்த நிலையில் புளிமா வந்தால் அங்கேயே நிற்போம்; இது 'பு'. கருவிளம், புளிமாங்காய், கருவிளங்காய் மூன்றில் எது வந்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவோம். இம்மூன்றும் சேர்ந்து 'கரு'. 'நேர் வேண்டும்' நிலையிலிருந்து புறப்பட்டு அதற்கே திரும்பும் சீர்வரிசைகளுக்குக் கோவை எழுதினால்:

(கூ | தே பு* கரு)*

மேலே, முதல் கணக்கில் இருந்த (ப | க ப* க)* என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எலும்புக்கூடு அச்சாக ஒன்று. உலகம் முழுக்க மாணவர்கள் சலித்துப்போய் எழுதுகிற 'இரட்டைப்படை க' கணக்கும் வெண்டளையும் ஒரே இரண்டு நிலை வரைபடத்தின் இரண்டு பெயர்கள். உதாரணத்துக்கு ஓர் அடி கட்டிக்கொள்வோம்: பாவும் இழையும் நினைவும் ஒருகணக்கே. தேமா, புளிமா, புளிமா, கருவிளங்காய். கோவையில் தே பு பு கரு. புறப்பட்ட நிலைக்கு வந்தாயிற்று. இதிலே இழையும் என்பதை எடுத்துவிட்டு 'பாவும் நூலும்' என்று போட்டால் மாமுன் நேர் வந்துவிடுகிறது. தளை தட்டுது என்பார்கள். காது அந்த ஒரு துளி நினைவைச் சுமந்துகொண்டிருப்பதால்தான் தட்டுவது கேட்கிறது.

ஈற்றுச்சீரையும் சேர்த்துக்கொள்ளலாம். வெண்பா நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில் முடிய வேண்டும். 'நேர் வேண்டும்' நிலையில் நாள், காசு. 'நிரை வேண்டும்' நிலையில் மலர், பிறப்பு. கோவை (கூ | தே பு* கரு)* (நாள் | காசு | தே பு* (மலர் | பிறப்பு)) என்று நீளும். முதற்சீர் நிரையில் தொடங்குவதற்கு முன்னால் ஓர் ஒட்டு வேண்டும், அதைப் படிப்பவரே போட்டுக்கொள்ளலாம். அடிக்கு நான்கு சீர், ஈற்றடிக்கு மூன்று என்ற கணக்கையும் நான்கு நான்காக எண்ணும் சில நிலைகளைக் கூட்டிச் சமாளித்துவிடலாம். கலிவெண்பா எத்தனை அடி ஓடினாலும் கவலையில்லை.

எண்ணியும் பார்க்கலாம். குறள் வெண்பாவில் ஏழு சீர். தளையைப் பற்றிக் கவலைப்படாமல் வாய்பாடுகளை அடுக்கினால் முதல் ஆறு சீருக்கும் எட்டெட்டு வழி, ஈற்றுக்கு நான்கு: மொத்தம் 10,48,576. தளை பார்த்து அடுக்கினால் முதற்சீருக்கு எட்டு, எந்த நிலையில் இருந்தாலும் அடுத்த சீருக்கு நான்கே வழி, அப்படி ஐந்து சீர், ஈற்றுக்கு இரண்டு. எட்டை நான்கால் ஐந்து முறை பெருக்கி, இரண்டால் பெருக்கினால் 16,384. அறுபத்துநாலில் ஒன்றுதான் தேறுகிறது. திருக்குறளில் 1330 குறள்கள் இந்த 16,384 அச்சுகளில் எவ்வளவை நிரப்புகின்றன, எவற்றைத் தீண்டவே இல்லை என்று பார்ப்பது நல்ல ஆய்வாகும். மார்க்கோவ் 1913-இல் புஷ்கினின் 'யூஜின் ஒனேகின்' நூலிலிருந்து இருபதாயிரம் எழுத்துகளை எடுத்து, உயிருக்குப் பின் உயிர் எவ்வளவு, மெய் எவ்வளவு என்று எண்ணியது இந்த வகை வேலைதான்.

2003-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் வெண்பாவுக்குச் 'சூழல்சாரா இலக்கணம்' எழுதிக் காட்டிய கட்டுரை ஒன்று வந்தது. வெண்பா சூழல்சாரா மொழி என்று நிறுவப்பட்டுவிட்டது என்பதாக அது பின்னால் பல இடங்களில் திரும்பச் சொல்லப்படுகிறது. தவறில்லை, ஒழுங்குமொழி எல்லாமே சூழல்சாரா மொழிதான். ஆனால் ஒரு படி கீழே போயிருக்கலாம். சூழல்சாரா இலக்கணத்தின் தனித்த பலம், ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் செருகிவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகச் சரியாக மூடுவது. வெண்பாவில் அப்படி எதுவும் இல்லை. எதுகையைச் சேர்த்தாலும், சென்ற அடியின் இரண்டாம் எழுத்து எது என்பதை மட்டும் சுமந்தால் போதும். தமிழ் எழுத்துகளின் எண்ணிக்கை முடிவுள்ளது. நிலைகள் நூற்றுக்கணக்காகப் பெருகும், ஆனாலும் முடிவுள்ளவை. வெண்பா கடினமானது என்பதாலேயே அதன் இலக்கணம் மேல்படியில் இருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. கடினம் வேறு, படிநிலை வேறு. இரண்டு நிலைக்குள் பொருளையும் ஓசையையும் அடைப்பதுதான் புலவருக்குச் சிரமம். சரிபார்ப்பவருக்கு வேலை சுலபம்.

அடுக்கடுக்காகச் செருகுவது தமிழில் வேறிடத்தில் இருக்கிறது. 1956-57-இல் நோம் சாம்ஸ்கி ஆங்கிலம் ஒழுங்குமொழி ஆகாது என்று வாதிட்டார். தமிழில் அந்த வாதத்துக்கு ஆதாரம் இன்னும் வெளிப்படையானது, ஏனென்றால் நம் வினை கடைசியில் வரும், திணை பால் எண் இடம் காட்டும் விகுதியோடு வரும். 'நான், நீ, அவன் வந்தான் என்று சொன்னாய் என்று நினைத்தேன்.' எழுவாய்கள் நான், நீ, அவன் என்று போக, விகுதிகள் ஆன், ஆய், ஏன் என்று திரும்பி வருகின்றன. சாட்சாத் தறியின் கண்ணாடிப் பிம்பம். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தாலும் விதிப்படி வாக்கியம் சரி. அடுக்குக்கு வரம்பு கிடையாது.

ஆனால் யார் இப்படிப் பேசுகிறார்கள்? ஆரணிக் கடைத்தெருவில் இதே சேதி 'அவன் வந்தான்னு நீ சொன்னேன்னு நான் நெனச்சேன்' என்று வரும். எழுவாய், வினை, 'னு'. எழுவாய், வினை, 'னு'. ஒவ்வொன்றும் அங்கங்கே திறந்து அங்கங்கே மூடிக்கொள்கிறது. அடுக்கு அவிழ்ந்து சங்கிலியாகிவிட்டது, நட்சத்திரத்துக்குள் அடங்கிவிட்டது. எழுத்துத் தமிழ் சுமக்கச் சொல்லும் நினைவைப் பேச்சுத் தமிழ் நாசூக்காக இறக்கி வைத்துவிடுகிறது. பேச்சைக் கொச்சை என்று ஒதுக்கியவர்கள் இந்தச் சிக்கனத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வாக்கியம் இலக்கணப்படி எத்தனை அடுக்கு போகலாம் என்பது ஒன்று. ஒரு மனிதர் மூச்சு விடாமல் எத்தனை அடுக்கைச் சுமப்பார் என்பது வேறொன்று. சாம்ஸ்கிக்குப் பிந்தைய மொழியியல் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை ஓரங்கட்டிற்று என்ற குற்றச்சாட்டில் எனக்கு உடன்பாடு உண்டு.

தமிழ்ச் சிறுபத்திரிகை உலகில் அமைப்பியல் பேசப்பட்டபோது, 1982-இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்ததிலிருந்து, சசூர், லெவிஸ்ட்ராஸ், பார்த் எனப் பாரீஸ் வழியாகவே விஷயம் வந்துசேர்ந்தது. குறி, குறிப்பான், எதிர்நிலை இணைகள் என்று பேசினோம். அதற்குப் பத்தாண்டு முன்பே தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1970-களின் தொடக்கத்தில் சரத்துக்குப் பதிலாக இருபரிமாண எழுத்துக் கட்டங்களை உற்பத்தி செய்யும் இலக்கணங்களை உருவாக்கினார்கள். 1974-இல் வாசலில் போடும் கோலத்தையே எடுத்துக்கொண்டு, எந்தக் கோலத்துக்கு எவ்வளவு பலமுள்ள இலக்கணம் வேண்டும் என்று எழுதினார்கள். பட இலக்கணங்கள் பற்றிய உலக ஆய்வில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் வேலை அது. அமைப்பைத் தேடிய நமக்கும், தாம்பரத்தில் அமைப்பை இலக்கணமாக எழுதியவர்களுக்கும் இடையே ஒரு மின்ரயில் தூரம்தான். அவர்கள் ஆங்கிலத்தில் கணிதப் பத்திரிகைகளுக்கு எழுதினார்கள், நாம் கணிதம் வேறு துறை என்று இருந்துவிட்டோம். கோலத்தை எடுத்தவர்கள் கட்டத்தின் மேல் கட்டமாக நெய்யப்படும் புடவையையும் எடுத்திருக்கலாமே என்று தோன்றுகிறது. குறுக்கே ஊடையும் நெடுக்கே பாவுமாக இருபரிமாணத்திலேயே உருவாகும் ஒரு பிரதிக்கு அவர்களுடைய இலக்கணம் பொருந்தும்.

பாடத்திட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கைக் கூட்டுவது எந்த ஆசிரியர் கையிலும் இருக்கிறது. மாதிரிக்கு ஒன்று: குறள் வெண்பாவின் ஏழு சீர்களில் புளிமா எங்கும் வரக்கூடாது, ஈற்றுச்சீர் காசு வாய்பாட்டில் முடிய வேண்டும், தளை தட்டக்கூடாது. எத்தனை வாய்பாட்டு வரிசைகள்? இரண்டு நிலைகளையும் வரைந்துகொண்டு, ஒவ்வொரு சீர் முடிவிலும் ஒவ்வொரு நிலையில் எத்தனை வழிகள் நிற்கின்றன என்று கூட்டிக்கொண்டே வந்தால் விடை கிடைக்கும். முதற்சீர் முடிவில் 'நேர் வேண்டும்' நிலையில் ஆறு, 'நிரை வேண்டும்' நிலையில் ஒன்று என்று தொடங்கும். கடைசியில் 4,401 வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கேயோ ஒரு சீரில் தளை தட்டியிருக்கிறது.